பரீதா நின்ற காணி

எங்கள் நிலையத்துக்கு நினைவு மலர் போடப்போகிறார்களாம். இப்போதைய இணைப்பாளர் கஜன் முரசுமோட்டையில் இருக்கும் என் வீட்டுக்கே வந்து, "தொடக்கத்திலை இருந்து நிண்ட ஆள் நீங்கள்தான் அன்ரி. நிலையத்தின்ர வரலாற்றை ஒருக்கா எழுதித் தாங்கோ" என்று கேட்டார். நல்ல பிள்ளை. படித்தவர், பணிவானவர். ஆனால் அடுத்த மூச்சிலேயே, "எத்தினை கிணறு, எத்தினை வீடு, எத்தினை குடும்பம் எண்ட விவரமும் வந்தால் நல்லாயிருக்கும்" என்றார். அதெல்லாம் உங்களுடைய அறிக்கைகளில் இருக்கிறதே, அதற்கு நான் எதற்கு என்று கேட்டேன். சிரித்துச் சமாளித்தார்.

பிறகு பையிலிருந்து சிலேட்டு மாதிரி ஒரு சின்னக் கணினியை எடுத்துக் காட்டினார், ரப் என்கிறார்கள். இனிமேல் உதவி கேட்டவர்களின் வீடுகளைப் பார்க்கப் போகிறவர்களின் கையில் அதுதான் இருக்குமாம். விரலால் தட்டினால் கேள்வி வரும். பதிலைத் தட்டினால் அடுத்த கேள்வி வரும். முதற் கேள்வியை வாசித்தேன். 'உதவி ஏன் தேவைப்படுகிறது?' என்று இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதை ஆர் முதற் கேள்வியா வைச்சது?"

"ஏன் அன்ரி? அதைக் கேக்காமல் எப்பிடி உதவி செய்யிறது?"

அந்த இடத்தில் விளங்கப்படுத்த எனக்குப் பொறுமை இருக்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். இந்தக் கட்டுரைதான் என்னுடைய பதில். மலருக்கு ஒத்துவந்தால் போடட்டும், ஒத்துவராவிட்டால் அவருடைய மேசை லாச்சிக்குள் கிடக்கட்டும்.

நிலையம் என்றால் இன்றைக்கு ஓடு போட்ட கட்டடமும் வாசலில் பெரிய பெயர்ப்பலகையும்தான் எல்லாருக்கும் கண்ணுக்கு வரும். தொடங்கியபோது அது ஒரு கஞ்சிக் கிடாரம் மட்டுமே. கிளிநொச்சியில் ஒரு கடையின் பின்பக்கத்துக் கொட்டிலில், ஒரு தாதியும் நாலைந்து ஆசிரியர்களும் சேர்ந்து இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சினார்கள். அந்தத் தாதிதான் எங்கள் பெரியக்கா. அவவுக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் அதைச் சொல்லி அவவைக் கூப்பிட்ட ஒருவரையும் நான் கண்டதில்லை. கஞ்சிக்குப் பிறகு பிள்ளைப்பேற்றுக்குக் கட்டில் இரவல் கொடுத்தோம். பிறகு காலிழந்தவர்களுக்கு ஊன்றுகோல், தனித்துப்போன பெண்களுக்குத் தையல் மெசின், ஊருக்குக் கிணறு என்று வேலை பெருகியது. சனம் இடம்பெயர்ந்தபோதெல்லாம் நிலையமும் பெயர்ந்தது. கிடாரத்தையும் பெயர்ப்பலகையையும் உழவு மெசின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு, போன இடத்தில் அடுப்பு மூட்டினோம். முள்ளிவாய்க்கால் வரைக்கும் அந்தக் கிடாரம் எங்களோடு வந்தது. அந்த மாதங்களைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. பிறகு வவுனியா முகாம், பிறகு திரும்பவும் ஊர். மலருக்கு இவ்வளவு வரலாறு போதும் என்று நினைக்கிறேன்.

எனக்குக் கிடைத்த பயிற்சியைச் சில வரியில் சொல்லிவிடலாம். வீட்டுக்காரர் நிலத்தில் இருந்தால் நீ கதிரையில் இருக்காதே. தருவதைக் குடி. வீட்டைச் சுற்றிக் கண்ணை ஓட்டாதே. எங்கே, எப்போது, யாரோடு என்று கேள். ஏன் என்று மட்டும் கேட்காதே.

கடைசி விதி கஞ்சி வரிசையில் பிறந்தது. என்னோடு வேலைக்குச் சேர்ந்த ஒருத்தி, இரண்டு பாத்திரத்தோடு வந்த ஒரு தாயைப் பார்த்து, "ஏன் உங்களுக்கு மட்டும் ரெண்டு?" என்று கேட்டுவிட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அந்தத் தாய் இரண்டு வெறும் பாத்திரங்களோடும் திரும்பிப் போய்விட்டா. பெரியக்கா வாளியில் கஞ்சியை வார்த்துக்கொண்டு வெயிலில் அவவைத் தேடி நடந்தா. இரண்டாவது பாத்திரம், பக்கத்துக் கொட்டிலில் எழும்பமுடியாமல் கிடந்த ஒரு கிழவனுக்கு. திரும்பி வந்து எங்கள் எல்லாரையும் இருத்திச் சொன்னா: "ஏன் எண்டு கேட்டியளெண்டால் மனிசர் கதவைச் சாத்திப்போடுவினம். பிறகு நீங்கள் வெளியிலை நிண்டு தட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்."

பெரியக்காவைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும். அவ சத்தம் போட்டு ஏசியதில்லை. வாயில் எப்போதும் ஒரு கராம்பு கிடக்கும். எங்கள்மேல் சந்தோசமாக இருந்தால் 'நீ', 'வாடி', 'போடி' என்பா. மரியாதை கூடக்கூட எங்களுக்குப் பயம் கூடும். "புவனா, நீங்கள் ஒருக்கா இஞ்சை வாறியளோ" என்றால் ஏதோ பெரிதாகப் பிழைத்துவிட்டது என்று அர்த்தம்.

இனி நசீர் நானாவின் காணிக்கு வருகிறேன்.

சண்டை முடிந்து சனம் ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம். ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, காட்டோரமாக ஒரு குடியிருப்பு. நசீர் நானாவின் குடும்பம், வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது போய், கனகாலம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு அவருடைய வாப்பாவின் காணிக்குத் திரும்பியிருந்தது. அவருடைய மனைவி பரீதா புத்தளத்தில் பிறந்து வளர்ந்தவள். ஒரு மகள். பாதையோரமாக ஒரு தகரக் கொட்டில், இரண்டு மூன்று ஆடு, கொஞ்சம் கச்சான் கடலை. காணியின் முன்பக்கம்தான் அவர்கள் கையில் இருந்தது. பின்பக்கத்தில் மிதிவெடி இருக்கிறது என்று கண்ணிவெடி அகற்றுகிற ஆட்கள் சிவப்புப் பூசிய கட்டைகளை வரிசையாக நட்டிருந்தார்கள். முறை வரும்போது துப்புரவாக்கித் தருவோம், அதுவரைக்கும் கட்டையைத் தாண்டவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஊரில் மிதிவெடி வகுப்பு எடுத்தது எங்கள் நிலையம். பரீதா முன்வரிசையில் இருந்து கேட்டவள்.

அன்று நானும் பெரியக்காவும் வேறொரு வீட்டைப் பார்க்கப் பிக்கப்பில் போய்க்கொண்டிருந்தோம். ஊர்க் கடைக்காரர் மதகடியில் நின்று இரண்டு கையையும் விரித்து வாகனத்தை மறித்தார்.

"நசீற்ற பொஞ்சாதி வெடிக்குள்ளை போட்டா! கட்டைக்கு அங்காலை நிக்கிறா!"

அவரையும் ஏற்றிக்கொண்டு போய், மண் பாதையில் பிக்கப்பை விட்டுவிட்டு இறங்கி ஓடினோம். பாதையிலிருந்து காணிக்குள் போனால் முதலில் எருக்கலை மூடிய ஒரு பழைய கிணறு வரும். அதைத் தாண்டி முழங்கால் உயரப் புல். புல்லின் முடிவில் சிவப்புக் கட்டைகள். ஊர்ச்சனம் ஒரு கூட்டம் அந்தக் கட்டைகளை ஒட்டி நின்றது. நாங்களும் புல்லுக்குள்ளால் நடந்து போய் அவர்களோடு நின்றோம்.

கட்டைகளுக்கு அப்பால், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் பரீதா நின்றாள். நடந்தது இதுதான். ஆட்டுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு கட்டைகளுக்குள்ளால் ஓடிவிட்டது. நாலைந்து எட்டில் பிடித்துவிடலாம் என்று அவளும் உள்ளே போயிருக்கிறாள். குனிந்து கயிற்றைப் பிடிக்கப் போனபோது, தன் வலது காலுக்குப் பக்கத்தில் மண்ணுக்கு வெளியே பச்சையாக ஒரு வட்ட விளிம்பு தெரிவதைக் கண்டாள். வகுப்பில் சொன்னது நினைவுக்கு வந்திருக்கிறது. நின்ற இடத்திலேயே நின்று கத்தினாள். ஆட்டுக்குட்டிக்கு அந்த வகுப்பெல்லாம் இல்லை. அது பாலை மரத்தடியில் பழம் பொறுக்கித் தின்றுகொண்டு அங்கும் இங்கும் திரிந்தது. அது ஒவ்வொரு அடி வைக்கும்போதும் கூட்டம் மூச்சைப் பிடித்தது.

"பரீதா, நான் பெரியக்கா. என்னைத் தெரியுதோ?"

"தெரியுதக்கா. கால் மரத்துப்போச்சு. குந்தி இருக்கலாமா?"

"குந்தாதேங்கோ. காலை எடுக்காமல், பாரத்தை மட்டும் மற்றக் காலுக்கு மாத்துங்கோ. ஆக்கள் வருகினம்."

கண்ணிவெடி அகற்றுகிற குழுவுக்குக் கடைக்காரர் முன்பே போன் எடுத்திருந்தார். பக்கத்துக் காட்டில் வேலை செய்த ஒரு குழு வந்துகொண்டிருந்தது. எங்களுடைய வேலை சனத்தை உள்ளே விடாமல் பார்ப்பதும், பரீதாவைப் பேச்சில் வைத்திருப்பதும்தான்.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "புருசன்காரன் எங்கை?" "அங்கை பார், றோட்டிலை நிக்கிறான். பொஞ்சாதி சாகக் கிடக்கிறா, அவர் றோட்டிலை நிண்டு விடுப்புப் பாக்கிறார்." திரும்பிப் பார்த்தேன். நசீர் நானா மண் பாதையில், மகளின் இரண்டு தோளையும் இறுக்கிப் பிடித்தபடி நின்றார். மகள் உம்மாவிடம் வர அழுது திமிறினாள். அவர் விடவில்லை. எங்களைப் பார்த்து, "அங்க நிக்காதீங்க, இஞ்சால வாங்க, எல்லாரும் றோட்டுக்கு வாங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒருவர் அவரைப் பார்த்துத் துப்பினார்.

பெரியக்கா கராம்பை வாயின் மற்றப் பக்கத்துக்குத் தள்ளினா. என் காதருகே குனிந்தா.

"புவனா, அந்த மனிசன் பொஞ்சாதியைப் பாக்கேல்லை. எங்கட காலடியைத்தான் பாக்குது. நீங்கள் போய்க் கதைச்சுப் பாருங்கோ."

நீங்கள் என்றா. நான் புல்லுக்குள்ளால் நடந்து, கிணற்றைத் தாண்டிப் பாதைக்குப் போனேன்.

அவருடைய முகத்தில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை. மகளைப் பிக்கப்பில் ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டு, பாதையோரத்தில் குந்தினேன். அவரும் என் எதிரே குந்தினார். 'ஏன் இங்கே நிற்கிறீர்கள்' என்று கேட்க வாய் உன்னியது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நானா, இந்தக் கிணறு வாப்பா வெட்டினதோ?"

"ஓம். நான் சின்னப்பிள்ளையில மண் சுமந்த கிணறு."

"காணி எதுவரைக்கும் போகுது?"

"அந்தப் பாலை மரம் வரைக்கும். அதுதான் எல்லை. வாப்பா காட்டின எல்லை."

"வெடியெடுக்கிற ஆக்கள் வந்து கட்டை நட்டது எப்ப?"

"நாங்க வந்த புதுசில."

"எங்கை நட்டவை?"

அவர் நிலத்தைப் பார்த்தார். நான் அடுத்ததைக் கேட்கவில்லை. காத்திருந்தேன். பரீதா தூரத்தில் "யா அல்லாஹ்" என்று சொல்வது கேட்டது.

"கிணத்துக்கு இஞ்சால" என்றார். "கிணத்துக்கு இஞ்சால, றோட்டோரமாத்தான் நட்டாங்க. நான்தான் பிடுங்கி அங்கால நட்டன். நட்டதும் பிடுங்கினதும் அவ புத்தளத்துக்கு உம்மாட வீட்ட போயிருந்த நேரம். அவவுக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது."

கிணற்றுக்கு அப்பால் முழுக்கப் புல். அந்தப் புல்லுக்குள் ஊர்ச்சனம் நின்றது. பெரியக்கா நின்றா. அந்தப் புல்லுக்குள்ளால்தான் நான் சற்று முன்பு போகவும் வரவுமாக நடந்திருந்தேன்.

சொல்லி முடித்ததும் அவர் எழும்பி ஓடப் பார்த்தார். அவருடைய மணிக்கட்டை எட்டிப் பிடித்தேன். வேறு ஒரு நாளில் அந்த மனிதரின் கையைத் தொடவே மாட்டேன்.

"நீங்கள் ஓடினால் எல்லாரும் ஓடுவினம். தெரியுதோ? எல்லாரும் ஓடுவினம்."

அவர் அப்படியே என் காலடியில் குந்திவிட்டார்.

அந்த நேரத்தில்தான் குழுவின் வாகனம் வந்தது. சுகந்தி என்ற பெண் தலைவி. முப்பது வயதிருக்கும், ஒல்லியான பிள்ளை. கவச அங்கியை மாட்டிக்கொண்டே, "கட்டை வரைக்கும் நடந்து போகலாம், அங்கையிருந்து பாதை எடுப்பம்" என்று தன் ஆட்களுக்குச் சொன்னாள். நான் குறுக்கே போய் நின்று, நானா சொன்னதைச் சொன்னேன். அவளுடைய கை அங்கியின் பட்டியிலேயே நின்றுவிட்டது. கூட்டத்தைப் பார்த்தாள். கிணற்றைப் பார்த்தாள். நசீர் நானாவை ஒரு கணம் பார்த்தாள்.

"வெடி கிடக்கிற இடத்தின்ர வரைபடம் எங்கட கந்தோரிலை. அது வருமட்டும் நிக்கேலாது. இந்த றோட்டிலையிருந்து தொடங்குவம்" என்றாள். பிறகு என்னிடம் மெதுவாக, "அவையைக் கத்திக் கூப்பிடாதேங்கோ அக்கா. வெருண்டால் முடிஞ்சுது" என்றாள்.

நான் பெரியக்காவுக்குப் போன் எடுத்தேன். கண்ணுக்கு முன்னால் நிற்கிற ஆளுக்குப் போன் எடுப்பது அதுதான் முதல் தடவை. அவ கைப்பையைத் துழாவி எடுப்பது தெரிந்தது.

"பெரியக்கா, கட்டையள் முந்திக் கிணத்துக்கு இஞ்சாலதான் நிண்டதாம். நானாதான் தள்ளி நட்டவராம்."

அவ தன் காலடியைப் பார்க்கவே இல்லை.

"விளங்கீட்டுது புவனா. நீங்கள் அங்கையே நில்லுங்கோ" என்றா.

போனைப் பைக்குள் வைத்தா. பிறகு, என் வேலைக் காலத்தில் அன்று ஒரு நாள் மட்டும், பெரியக்கா குரலை உயர்த்திப் பேசினதைக் கேட்டேன்.

"எல்லாரும் கேளுங்கோ. பரீதா தனிய நிண்டு களைச்சுப்போனா. ஆடாமல் அசையாமல் நிக்கிறது லேசான வேலையோ? இப்ப நாங்களும் அவவோடை நிப்பம். அவ நிக்கிற மாதிரியே. ஆரும் காலைத் தூக்கக் கூடாது. பின்னுக்குப் போகக் கூடாது, பக்கத்துக்கு நகரக் கூடாது. அவ வெளியிலை வருமட்டும் நாங்கள் எல்லாரும் அவவோடை நிப்பம். நிப்பியளோ?"

"நிப்பம்" என்றது சனம்.

கூட்டம் நின்றது. கைப்பிள்ளையோடு நின்றவள், கோவில் ஐயர், கச்சான் பிடுங்க வந்த கூலியாட்கள், எல்லாரும் வெயிலில் நட்டு வைத்த மாதிரி நின்றார்கள். ஒரு பெண்ணுக்குத் துணை நிற்கிறோம் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். தங்கள் காலுக்குக் கீழே என்ன இருக்கலாம் என்று ஒருவருக்கும் தெரியாது. பெரியக்காவுக்கு மட்டும் தெரியும். அவ கராம்பை மென்றுகொண்டு நின்றா.

சுகந்தியின் ஆட்கள் பாதையோரத்தில் முழங்காலில் இருந்தார்கள். கருவியை நிலத்தின்மேல் ஓட்டுவார்கள். சத்தம் வந்தால் ஊசிக்கம்பியால் மண்ணைச் சரிவாகக் குத்திப் பார்ப்பார்கள். ஆணியோ, தகரமோ, வெறும் கல்லோ இருக்கும். ஒவ்வொன்றுக்கும் அதே நிதானம். பார்க்கப் பார்க்க எனக்கு விசர் பிடித்தது. துப்புரவான இடத்தின் இரு பக்கமும் சின்னத் தடிகள் நட்டு ஓர் ஆள் அகலத்துக்கு ஒரு வழியை முன்னே கொண்டுபோனார்கள். கிணற்றடியைத் தாண்டிக் கூட்டத்தை நெருங்கியபோது சுகந்தி கையைத் தூக்கினாள். அவளுடைய ஆட்கள் வேலையை நிறுத்தினார்கள். அவள் விரலால் மண்ணைத் துடைத்துவிட்டு, சிவப்பு அடையாளம் ஒன்றை வைத்து, வழியை வளைத்து எடுத்தாள். அந்த அடையாளம் கடைக்காரருடைய குதிக்காலுக்கு ஒரு முழம் பின்னால் இருந்தது.

அவர் சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பினார். தன் பின்னால் முழங்காலில் இருக்கும் கவசக்காரர்களைக் கண்டார். அடையாளத்தைக் கண்டார். அவருடைய வாய் திறந்தது.

"தம்பி," என்றா பெரியக்கா, மிகவும் மரியாதையாக. "நீங்கள் பரீதாவைப் பாருங்கோ."

அவர் பார்த்தார். கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் கால் அசையவில்லை. அவர் ஒரு சொல் கத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. பிறகு எத்தனையோ விசயத்தில் அந்த ஆளோடு எனக்குக் கொளுவல் வந்தது. அந்த ஒன்றுக்காக எல்லாவற்றையும் மன்னித்தேன்.

வழி கூட்டத்தை அடைந்ததும் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தார்கள். முதலில் கைப்பிள்ளைக்காரி. வெளியே வந்தவர்களுக்கு அப்போதுதான் விசயம் விளங்கியது. சிலர் பாதையில் விழுந்து அழுதார்கள். பரீதாவுக்கு ஒன்றும் தெரியாது. தன்னோடு நிற்போம் என்றவர்கள் ஒவ்வொருவராகப் போவதை மட்டும்தான் அவள் கண்டாள்.

"எல்லாரும் போறாங்களே!" என்று அவள் கத்தினாள். "என்னை விட்டுட்டுப் போறீங்களா?" உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது.

"நான் போகேல்லை!" என்றா பெரியக்கா. கடைசி ஆளாக அவ அங்கேயே நின்றா. கையைப் பிடிக்க வந்த குழுப் பிள்ளையிடம் கையைக் கொடுக்கவில்லை. "பரீதா, இஞ்சை பாருங்கோ. வட்டிலப்பத்துக்கு எத்தினை முட்டை போடுவியள்?"

பரீதா விழித்தாள். "என்னக்கா?"

"வட்டிலப்பம். நான் ரெண்டு முட்டைதான் போடுறனான்."

"ரெண்டு முட்டையிலயா?" அந்த நிலைமையிலும் அவளுக்கு அது பொறுக்கவில்லை. "அது எப்பிடி அவியும்? தண்ணியாப் போயிடும்!"

"நான் கோதுமை மாவும் கொஞ்சம் போடுவன்."

"மாவா! அக்கா, வட்டிலப்பத்துக்கு யாராவது மாவு போடுவாங்களா?"

சண்டை பிடித்தார்கள். பெரியக்கா வேண்டுமென்றே பிழைபிழையாகச் சொல்ல, பரீதா ஒவ்வொன்றையும் திருத்தினாள். தேங்காய்ப்பால் எவ்வளவு கட்டி, ஏலக்காய் எப்போது, சட்டியை எதனால் மூடுவது. பெரியக்காவுக்குக் குசினிப் பக்கமே தெரியாது. வாழ்நாளில் கஞ்சி தவிர வேறொன்றும் சமைத்ததில்லை. அந்தச் சண்டைக்கு நடுவே சுகந்தி கட்டைகளைத் தாண்டி, நிலத்தோடு நிலமாகப் படுத்து, பரீதாவின் வலது காலடியை அடைந்தாள். பச்சை விளிம்பைச் சுற்றி அடையாளம் வைத்தாள். பிறகு எழும்பி அவளுடைய இடுப்பில் கையைப் போட்டு, "இனி என்ர கால் வைக்கிற இடத்திலை வையுங்கோ" என்றாள்.

பெரியக்காவும் அவர்களுக்குப் பின்னால் அதே வழியால் வந்தா. பாதைக்கு வந்ததும் பரீதாவின் முழங்கால் மடியவில்லை. நானும் பெரியக்காவும் அவளைத் தாங்கி இருத்தினோம். மகள் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. ஆட்டுக்குட்டி எப்போதோ தானாக வெளியே வந்து பிக்கப்புக்குக் கீழே படுத்திருந்தது.

நசீர் நானா கூட்டத்தின் நடுவே வந்து நின்றார். ஒருவரும் கேட்காமலே சொன்னார். "கட்டையைப் பிடுங்கித் தள்ளி நட்டது நான்தான்."

கடைக்காரர் பாய்ந்தார். "ஏன்ரா? ஏன்ரா செய்தனி?" கை ஓங்கிவிட்டது. பெரியக்கா இடையில் போய் நின்றதால்தான் அந்த அடி விழவில்லை.

"கட்டை நட்ட இடத்தோட காணி போயிடும் என்டு நினைச்சன்" என்றார் நசீர் நானா. "நாங்க இல்லாத காலத்தில எத்தினை பேர் காணியில கல்லு நட்டாங்க. கல்லு நட்டா இனி உன்ட இல்லை என்டாங்க. வெடிக் கட்டையா, எல்லைக் கட்டையா, எனக்கு என்ன தெரியும்? கட்டை கிணத்துக்கு இஞ்சால நின்டா நாளைக்குக் கிணறும் என்ட இல்லை. வாப்பாட கிணறு."

கடைக்காரருடைய கை இறங்கியது. அங்கே நின்றவர்களில் பாதிப்பேர் ஏதோ ஓர் இரவில் தங்கள் காணியில் முளைத்த ஒரு கல்லைப் பிடுங்கி எறிந்தவர்கள்தான். சிவப்புப் பூசினாலென்ன, வெள்ளை பூசினாலென்ன, தங்கள் நிலத்தில் பிறர் நட்ட தடியைக் கண்டால் எங்கள் சனத்துக்கு ஒரே பயம்தான் வரும். எங்கள் வகுப்பில் மிதிவெடியைப் பற்றி எல்லாம் சொன்னோம். இந்தக் கட்டை உங்கள் காணியைப் பறிக்காது என்று ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த வாரமே பெரியக்கா அதை வகுப்பின் முதற் பேச்சாக மாற்றினா. கஜன் தம்பியை இந்த இடத்தைக் கவனமாக வாசிக்கச் சொல்கிறேன். கடைக்காரர் ஏன் என்று கேட்டபோது பதில் வந்ததே என்று அவர் சொல்லக்கூடும். அந்தப் பதில் எல்லாரும் வெளியே வந்த பிறகு வந்தது. நான் அந்தக் கேள்வியோடு பாதையோரத்தில் குந்தியிருந்தால், அந்த மனிதர் தன்னைக் காப்பாற்ற ஒரு கதை சொல்லியிருப்பார். சுகந்தியும் ஆட்களும் புல்லுக்குள்ளால் நடந்து போயிருப்பார்கள்.

பரீதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தாள். புருசனை நிமிர்ந்து பார்க்கவில்லை. எழும்பி, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கொட்டிலுக்கு நடந்தாள்.

அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. நான் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். சமைப்பாள், அவருடைய சாரத்தைத் தோய்ப்பாள், பேச்சு மட்டும் இல்லை. "வாப்பாவைச் சாப்பிடச் சொல்லு" என்று மகளிடம் சொல்வாள். அவர் பக்கத்திலேயே இருப்பார். அவரும், "உம்மாட்ட உப்புக் கேள்" என்பார். சின்னப்பிள்ளை இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரியாகத் திரிந்தது. பரீதா தாய் வீட்டுக்குப் போய்விடுவாள் என்று ஊர் பேசியது. நானும் அப்படித்தான் பயந்தேன். பெரியக்காவிடம் கேட்டேன், நாங்கள் ஏதாவது கதைத்துப் பார்ப்போமா என்று. "அது எங்கட காணி இல்லையடி, புவனா" என்றா.

அந்தக் காணியின் முறை வந்தது. சுகந்தியின் குழுதான் துப்புரவாக்கியது. எடுத்தவற்றை வெடிக்கவைக்கிற நாட்களில் நசீர் நானா பாதையோரத்தில் குந்தியிருந்து ஒவ்வொரு சத்தத்துக்கும் திடுக்கிடுவார். சோளகக் காற்று முடிந்து மழை தொடங்கும் முன் வேலை முடிந்தது. கையளிக்கிற அன்று ஊரே வந்தது.

காணியைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உரிமையாளர் கால் வைக்கமுன், துப்புரவாக்கியவர்கள் தாங்களே கவசமில்லாமல் அந்த நிலத்தில் ஒரு முனையிலிருந்து மற்ற முனை வரைக்கும் நடந்து காட்டுவார்கள். சுகந்தியும் மற்றப் பெண்களும் கைகோத்தபடி பாலை மரம் வரைக்கும் நடந்து திரும்பினார்கள். பிறகு, "வாங்கோ நானா, இனி உங்கட காணி" என்று சுகந்தி கூப்பிட்டாள்.

நசீர் நானா கிணற்றடி வரைக்கும் வந்தார். அதற்கு மேல் கால் வரவில்லை. ஒரு காலைத் தூக்குவார், வைக்கமாட்டார், பின்னே எடுப்பார். வேர்வை ஓடியது. யாரோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்கள். தன் நிலத்துக்காகக் கட்டை பிடுங்கிய மனிதர், அந்த நிலம் கைக்கு வந்த அன்று அதில் கால் வைக்க முடியாமல் எங்கள் எல்லாருக்கும் முன்னால் நின்றார்.

பரீதா பெண்களுக்குள்ளிருந்து வெளியே வந்தாள். மகளை என் கையில் தந்தாள். அவரைத் தாண்டி, கிணற்றைத் தாண்டி, வெட்டிக் கிடந்த புல்லின் மேலே நேரே நடந்தாள். அன்று நின்ற அதே இடத்தில் போய் நின்றாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு திரும்பி, இத்தனை மாதமாகப் பேசாத புருசனைப் பார்த்தாள்.

"என்னால கனநேரம் நிக்க ஏலாது" என்றாள். "வாங்க."

நசீர் நானா அவளிடம் ஓடினார்.